பெரிய ஃபைலைத் தொட்டதும் ப்ரோகிராம் படுத்துவிடுகிறதா? எத்தனை பைட்டில் நின்றது என்று முதலில் பாருங்கள்

லினக்ஸில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போதோ, டவுன்லோடு செய்யும்போதோ, பழைய ப்ரோகிராம் ஒன்றில் திறக்கும்போதோ பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலானவர்கள் அதையே மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மென்பொருளையே மாற்றிவிடுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சரியாக எத்தனை பைட்டில் நின்றது? எல்எஸ் மைனஸ் எல் போட்டால் பைட் கணக்கு முழுதாக வரும். கூடவே மைனஸ் ஹெச் சேர்க்காதீர்கள், அது 2.0ஜி என்று சுருக்கிவிடும், நமக்குக் கடைசி இலக்கம் வரை வேண்டும்.

அந்த எண்ணே பாதி விசாரணையை முடித்துவிடும். 2147483647 என்று இருந்தால் ப்ரோகிராம் ஃபைலுக்குள் இருக்கும் இடத்தை 32 பிட்டில் கணக்கு வைத்திருக்கிறது. 4294967295 என்றால் முதல் சந்தேகம் பென்டிரைவின் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டம் மேல், அடுத்தது ஃபைலின் ஃபார்மட் மேல். 1024-இன் மடங்காக, பார்த்தாலே யாரோ உட்கார்ந்து தீர்மானித்தது போல் ஓர் எண்ணில் நின்றிருந்தால் யூலிமிட், அதாவது ப்ரோகிராம் எழுதக்கூடிய ஃபைல் அளவுக்கு சிஸ்டத்தில் வைத்திருக்கும் வரம்பு. எந்த ஒழுங்கும் இல்லாத எண் என்றால் டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்க் கோட்டா முடிந்திருக்கும், அல்லது மெமரி தீர்ந்து லினக்ஸின் மையமான கெர்னலே ப்ரோகிராமைக் கொன்றிருக்கும். (இங்கே ஜிபி, டிபி என்று சொல்வதெல்லாம் 1024 கணக்கில்தான்.)

2147483647: ஏன் இந்த எண்

ஒரு ஃபைலுக்குள் இப்போது எந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ப்ரோகிராம் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். சி மொழியில் அந்த எண்ணின் டைப்புக்கு ஆஃப்_டி என்று பெயர். 32 பிட் லினக்ஸில், ஜிலிப்சி என்ற வழக்கமான சி நூலகத்தோடு, இது வழக்கமாக 32 பிட் அகலம். அதிலும் ஒரு பிட் மைனஸ் குறிக்குப் போய்விடும், ஏனென்றால் ஃபைலில் பின்னோக்கி நகர மைனஸ் எண் வேண்டும், பிழை வந்தது என்று சொல்ல மைனஸ் 1 வேண்டும். மீதி 31 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647, அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு.

இதை உடைக்கும் வழி ரொம்ப நாளாகவே இருக்கிறது. 1996-இல் யூனிக்ஸ் உலகின் நிறுவனங்கள் லார்ஜ் ஃபைல் சம்மிட் என்று கூடி, 32 பிட் இயந்திரங்களிலும் 64 பிட் ஆஃப்செட்டை (ஃபைலுக்குள் இருக்கும் இடத்தின் எண்) பயன்படுத்த ஒரு பொது முறையை வகுத்தார்கள். 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 கெர்னல் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் சிக்கல் அன்றோடு தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. ஏற்கெனவே கம்பைல் ஆகி ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ப்ரோகிராம்கள் 32 பிட் ஆஃப்_டியை நம்பி இருந்ததால் ஜிலிப்சி பழைய அளவையே இயல்பாக விட்டுவைத்தது, 64 பிட் வேண்டும் என்பவர்கள் கம்பைல் செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று. கேட்காமல் கம்பைல் செய்தால் இன்றைய கெர்னலில் ஓடினாலும் அந்த ப்ரோகிராமுக்கு 2 ஜிபிதான் எல்லை. கெர்னலால் முடியும், ஃபைல் சிஸ்டத்தால் முடியும், ப்ரோகிராம் மட்டும் கேட்கவே இல்லை. பெரிய பெயர்களும் இதில் தாமதமாகத்தான் வந்தன: டவுன்லோடு கருவியான டபிள்யூகெட் 2005-இல் 1.10 பதிப்பில்தான் 2 ஜிபி தாண்டியது, அப்பாச்சி வெப் சர்வர் 32 பிட் சிஸ்டங்களில் 2.2 பதிப்பில்தான்.

இப்படிப்பட்ட ப்ரோகிராம் 2 ஜிபிக்கு மேலான ஃபைலைத் திறக்கப் போனால் கெர்னல் கதவிலேயே மறித்துவிடும், "வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைண்ட் டேட்டா டைப்" என்ற செய்தி வரும். சிறியதாகத் தொடங்கி எழுதிக்கொண்டே போய் எல்லையைத் தொட்டால் "ஃபைல் டூ லார்ஜ்". மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சர்வர் ப்ரோகிராம் ஒன்று ஒருநாள் திடீரென்று நின்றுவிட்டு, அதன் லாக் ஃபைல் துல்லியமாக 2147483647 பைட்டில் உறைந்து கிடந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கெர்னல் இப்படி மறிப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது செய்யும் மிக நல்ல காரியம் இதுதான். மறிக்காமல் விட்டிருந்தால் ப்ரோகிராமின் கணக்கு மைனஸுக்குப் போய், தவறான இடத்தில் எழுதி, ஃபைலே கெட்டுப்போயிருக்கும், நமக்குத் தெரியவும் வந்திருக்காது. சத்தம் போட்டு நிற்கும் பிழை எவ்வளவோ மேல்.

உங்கள் ப்ரோகிராம் அந்த வகையா என்று பார்ப்பது எப்படி

முதலில் ஃபைல் என்ற கமாண்டையே ப்ரோகிராமின் மேல் ஓட்டுங்கள். "இஎல்எஃப் 32-பிட்" என்று வந்தால் சந்தேகம் வலுக்கிறது, 64 பிட் என்றால் இந்த ஆஃப்_டி எல்லை கிடையாது (வேறு தொல்லை உண்டு, கீழே வருகிறது). யூநேம் மைனஸ் எம் மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அது கெர்னலைப் பற்றித்தான் சொல்லும். 64 பிட் கெர்னலின் மேல் முழுக்க 32 பிட் ப்ரோகிராம்களை வைத்து ஓடும் சிஸ்டங்கள் உண்டு, ராஸ்ப்பெரி பை போன்ற சின்ன போர்டுகளில் இது சகஜம். கெட்கான்ஃப் லாங்_பிட் என்று (லாங்_பிட் பெரிய எழுத்தில்) கேட்டால் 32 அல்லது 64 என்று நேரடியாகப் பதில் வரும்.

32 பிட் என்று தெரிந்தால் அடுத்தது என்எம் மைனஸ் டி, இங்கே டி பெரிய எழுத்து D. ப்ரோகிராம் வெளியிலிருந்து கேட்டு வாங்கும் ஃபங்ஷன்களின் பெயர்களை அது காட்டும். அதில் ஓப்பன்64, எஃப்ஓப்பன்64, எல்சீக்64 என்று 64 ஒட்டிய பெயர்கள் இருந்தால் கம்பைல் செய்தவர் பெரிய ஃபைல் வசதியைக் கேட்டிருக்கிறார். வெறும் ஓப்பன், எல்சீக் மட்டும் இருந்தால் கேட்கவில்லை. இந்தச் சோதனை ஜிலிப்சிக்கு மட்டும்தான் பொருந்தும். மசில் என்ற இன்னொரு சி நூலகத்தில் ஆஃப்_டி எப்போதுமே 64 பிட் என்பதால் அங்கே பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நேரில் பிடிக்க வேண்டும் என்றால், ப்ரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு ஓட்டுங்கள். நிறைய வரிகள் ஓடும், பதற வேண்டாம், உங்கள் ஃபைலின் பெயர் வரும் ஓப்பன் வரியை மட்டும் தேடுங்கள். 32 பிட் ப்ரோகிராமாக இருந்து, அந்த வரியில் ஓ_லார்ஜ்ஃபைல் என்ற கொடி இல்லாமல், கடைசியில் மைனஸ் 1 இஓவர்ஃப்ளோ என்று முடிந்திருந்தால் வேலை முடிந்தது, குற்றவாளி கையில்.

ஒரு விசித்திரமும் இங்கே உண்டு. சில நேரம் ஃபைல் 10 கேபிதான் இருக்கும், அதற்கும் இதே "வேல்யூ டூ லார்ஜ்" வரும். அளவைப் பார்த்தால் புரியவே புரியாது. எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள பெரிய டிஸ்கிலோ நெட்வொர்க் டிரைவிலோ ஃபைலின் ஐநோடு எண் (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் தரும் அடையாள எண்) 32 பிட்டைத் தாண்டியிருந்தால், அந்த எண்ணைத் தன் கட்டமைப்புக்குள் வைக்க முடியாமல் ப்ரோகிராம் இதே பிழையைத் தரும். எல்எஸ் மைனஸ் ஐ போட்டு ஐநோடு எண்ணைப் பாருங்கள், 4294967295-க்கு மேல் இருந்தால் இதுதான் காரணம். மருந்தும் அதே மருந்துதான், 64 பிட் ஆஃப்செட்டோடு மறுபடி கம்பைல் செய்வது.

64 பிட் ப்ரோகிராமும் ஏன் சறுக்குகிறது

இதுதான் இன்று அதிகம் பார்க்கும் வகை. கணினி 64 பிட், ப்ரோகிராம் 64 பிட், ஆனாலும் பெரிய ஃபைலில் உளறுகிறது. காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி: எழுதியவர் ஃபைலின் அளவை ஒரு இன்ட் மாறியில் (சி மொழியில் முழு எண் வைக்கும் வழக்கமான டைப்) போட்டிருப்பார். 64 பிட் லினக்ஸிலும் இன்ட் 32 பிட்தான். ஃபைலுக்குள் இருக்கும் இடத்தைச் சொல்லும் எஃப்டெல் தரும் பதில் 64 பிட்டாக ஒழுங்காகத்தான் வருகிறது, இன்ட்டில் போடும்போது மேல் பாதி அறுந்து விழுகிறது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 3 ஜிபி ஃபைலின் அளவு 3221225472. இன்ட்டில் அது மைனஸ் 1073741824 ஆகிவிடும். இந்த மைனஸ் எண்ணை அப்படியே மெமரி கேட்டு வாங்கும் மேலாக்குக்குக் கொடுத்தால், அது மைனஸை அறியாது, கற்பனைக்கு எட்டாத பெரிய அளவாக எடுத்துக்கொண்டு முடியாது என்று திருப்பி அனுப்பும், ப்ரோகிராம் "அவுட் ஆஃப் மெமரி" என்று சொல்லிவிட்டு நிற்கும். மெமரியோ தாராளமாகக் காலியாக இருக்கும்! சரியாக 4 ஜிபி ஃபைல் என்றால் இன்ட்டில் 0 விழும், ஃபைல் காலி என்று ப்ரோகிராம் சொல்லிவிடும். 5 ஜிபி ஃபைலுக்கு 1073741824 வரும், அதாவது 1 ஜிபி. இந்த மூன்றாவதுதான் பயங்கரம், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. முதல் 1 ஜிபியை மட்டும் படித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நல்லபிள்ளையாக 0 என்ற முடிவு எண்ணோடு வெளியேறும். 3 ஜிபியில் உடைந்து, 5 ஜிபியில் "வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெளியே வந்த தரவின் அளவை எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். லினக்ஸில் ஒரே ஒரு ரீட் அழைப்பு அதிகபட்சம் 2147479552 பைட்தான் தரும், 64 பிட் சிஸ்டத்திலும் அப்படித்தான், ரைட்டுக்கும் அதே எல்லை. முழு ஃபைலையும் ஒரே ரீட்டில் வாங்கி, கேட்ட அளவு வரவில்லை என்றால் பிழை என்று எழுதிய ப்ரோகிராம்கள் 2 ஜிபிக்கு ஒட்டி உடைவது இதனால்தான். சுழற்சியில் போட்டு மீதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

4294967295: இங்கே ப்ரோகிராம் மேல் தப்பில்லை

ஃபேட்32-இல் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்கும் கட்டம் மைனஸ் இல்லாத 32 பிட். எந்த ப்ரோகிராமைக் கொண்டுவந்தாலும் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் எழுத முடியும். ஃபைண்ட்மவுன்ட் மைனஸ் டி போட்டு (டி பெரிய எழுத்து T) பாதையைக் கொடுத்தால் அந்த இடம் எந்த ஃபைல் சிஸ்டம் என்று சொல்லும், கமாண்டின் பெயரில் மவுன்ட் என்ற பகுதியை மட்டும் உயிரெழுத்து இல்லாமல் ஃபைண்ட்எம்என்டி என்று சுருக்கி அடிக்க வேண்டும். விஃபேட் என்று வந்தால் இரண்டு வழி: எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்வது, அல்லது ஸ்ப்லிட் மைனஸ் பி (b) கொண்டு 1 ஜிபி துண்டுகளாக வெட்டி எடுத்துப் போய், அந்தப் பக்கம் கேட் போட்டு ஒட்டுவது. ஒட்டியபின் ஃபைலின் கைரேகை போன்ற எண்ணைத் தரும் ஷா256சம் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். எக்ஸ்டி4-இல் வழக்கமான 4 கேபி பிளாக்கில் ஒரு ஃபைல் 16 டிபி வரை போகலாம், எக்ஸ்எஃப்எஸ்ஸில் 8 எக்ஸாபைட் வரை. ஆகவே லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டங்களை முட்டுவது அபூர்வம்.

ஃபார்மட்டுகளுக்கும் சொந்த எல்லை உண்டு. பழைய ஜிப் 4 ஜிபியில் நிற்கும், ஜிப்64 தெரிந்த கருவி வேண்டும், லினக்ஸில் ஜிப் 3.0, அன்ஜிப் 6.0 முதல் இருக்கிறது. டாரின் யூஸ்டார் வடிவத்தில் அளவை 11 எண்ம இலக்கங்களில் எழுதுவதால் 8 ஜிபி தொட்ட ஃபைலைச் சேர்க்கவே மறுக்கும், க்னூ வடிவமோ பேக்ஸ் வடிவமோ கொடுத்தால் போகும். ஜிஜிப் கொஞ்சம் வேடிக்கையானது: சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் எல்லை கிடையாது, ஆனால் விரிந்த அளவை ஃபைலின் கடைசியில் 32 பிட்டில் குறித்துவைப்பதால், 1.12-க்கு முந்தைய பதிப்புகளில் ஜிஜிப் மைனஸ் எல் 5 ஜிபி ஃபைலை 1 ஜிபி என்று காட்டும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இசட்கேட்டில் விரித்து டபிள்யூசி மைனஸ் சிக்கு அனுப்பினால் உண்மையான அளவு வரும்.

ஒழுங்கில்லாத எண்ணில் நின்றால்

முதலில் ப்ரோகிராமின் முடிவு எண்ணைப் பாருங்கள், ஷெல்லில் எக்கோ போட்டு டாலர் கேள்விக்குறி. 137 என்றால் கெர்னல் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம், டிமெசேஜ் பதிவில் அவுட் ஆஃப் மெமரி என்று ப்ரோகிராமின் பெயரோடு இருக்கும். 153 என்றால் யூலிமிட், வழக்கமான பிசிக்களில் ஃபைல் அளவு வரம்பைத் தாண்டியதற்கான சிக்னலின் எண் 25, அதோடு 128 சேர்ந்தது. யூலிமிட் மைனஸ் எஃப் போட்டுப் பாருங்கள், அன்லிமிடெட் என்று வர வேண்டும். எண் வந்தால் பாஷில் அது 1024 பைட் கணக்கு. டெர்மினலில் ஓடி, சர்வீஸாக ஓடும்போது மட்டும் நின்றால், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் லிமிட்எஃப்சைஸ் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மெமரிதான் என்றால், முழு ஃபைலையும் உள்ளே ஏற்றும் கருவியைக் கைவிட வேண்டியதுதான். பெரும்பாலான எடிட்டர்கள் முழுதாக ஏற்றுபவை. பார்க்க மட்டும் என்றால் லெஸ் போதும், அது தேவையான பகுதியை மட்டும் படிக்கும், மைனஸ் என் கொடுத்தால் வரி எண்ணையும் கணக்கிடாது, கடைசிக்கு ஒரே தாவலில் போய்விடலாம். க்ரெப், செட், ஆக் எல்லாம் வரி வரியாகப் போவதால் அளவு பொருட்டில்லை என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழு ஃபைலும் ஒரே வரியாக இருந்தால், சில ஜேசன் ஃபைல்கள் அப்படி இருக்கும், அந்த ஒரு வரி முழுவதும் மெமரிக்குள் வந்தாக வேண்டும், அங்கேயும் விழும்.

வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்ட் தனி ரகம். அது மெமரி போதாவிட்டால் தற்காலிக ஃபைல்களை டிஎம்பி ஃபோல்டரில் எழுதும். சில சிஸ்டங்களில் டிஎம்பி என்பதே டெம்ப்எஃப்எஸ், அதாவது மெமரியில் இருக்கிறது, இயல்பாக மொத்த ராமில் பாதிதான் அதன் கொள்ளளவு. டிஸ்கில் எவ்வளவோ இடம் இருந்தும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருவது இதனால்தான். சார்ட்டுக்கு மைனஸ் டி (பெரிய எழுத்து T) கொடுத்து, பெரிய டிஸ்கில் உள்ள ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், தீர்ந்தது.

சோர்ஸ் கையில் இல்லாதபோது

32 பிட் ப்ரோகிராம்தான், மாற்று கிடையாது, கம்பைல் செய்யவும் வழியில்லை. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. ஃபைலை அந்த ப்ரோகிராமே திறக்கவிடாதீர்கள். கேட் போட்டுப் பைப்பில் அனுப்புங்கள், பைப்புக்கு ஆஃப்செட் என்ற பேச்சே கிடையாது, வரும் பைட்டுகளை அது வரிசையாகப் படிக்கும். எழுதும் பக்கமும் அப்படியே: வெளியீட்டைக் கேட் வழியாகவோ ஸ்ப்லிட் வழியாகவோ ஃபைலுக்கு அனுப்பினால் ஃபைலைத் திறப்பது நவீன கருவிதான். ப்ரோகிராம் முன்னும் பின்னும் தாவிப் படிக்கும் வகையாக இருந்தால் (வீடியோ, டேட்டாபேஸ்) இது உதவாது, அங்கே 64 பிட் பதிப்பு ஒன்றே வழி. லாக் எழுதும் ப்ரோகிராம் என்றால் லாக்ரொட்டேட்டில் அளவு வைத்து 1 ஜிபியிலேயே சுற்றிவிடுங்கள்.

சோர்ஸ் இருந்தால்

மைனஸ் டி (D) கொடியோடு _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்று, எல்லாம் பெரிய எழுத்தில், கம்பைலருக்குக் கொடுத்தால் ஆஃப்_டி 64 பிட்டாகிவிடும். சோர்ஸுக்குள்ளேயே எழுதுவதாக இருந்தால் எந்த ஹெடரையும் சேர்ப்பதற்கு முன்னால் முதல் வரியாக வர வேண்டும், ஒரு ஹெடருக்குப் பின்னால் வந்தாலும் பலன் இல்லை. ஆட்டோகான்ஃப் பயன்படுத்தினால் ஏசி_சிஸ்_லார்ஜ்ஃபைல் இதைக் கவனித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ஆஃப்_டியை வெளியே காட்டும் நூலகம் ஏதாவது பயன்படுத்தினால் அதையும் இதே கொடியோடு கம்பைல் செய்யுங்கள். ஒரு பக்கம் 4 பைட், மறுபக்கம் 8 பைட் என்று நினைத்துக்கொண்டு பேசினால் வரும் குழப்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கொடி மட்டும் போதாது. எஃப்சீக், எஃப்டெல் இரண்டும் லாங்கில் பேசுபவை, 32 பிட்டில் லாங்கும் 32 பிட்தான், ஆகவே எஃப்சீக்கோ, எஃப்டெல்லோ என்று ஓ சேர்ந்த வடிவங்களுக்கு மாற்றுங்கள். அளவைத் தாங்கும் இன்ட் மாறிகள் ஒவ்வொன்றையும் தேடி மாற்றுங்கள். எழுத்தாக வரும் எண்ணை இன்ட்டாக மாற்றும் அட்டாய் என்ற ஃபங்ஷன் கொண்டு அளவைப் படிக்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள், வெப்பிலிருந்து வரும் கன்டென்ட்-லெங்த்தை இப்படிப் படித்து உடைந்த ப்ரோகிராம்கள் நிறைய. கம்பைலரில் மைனஸ் டபிள்யூகன்வர்ஷன் போட்டால் எங்கெல்லாம் எண் சுருங்குகிறது என்று அதுவே எச்சரிக்கும். சத்தம் அதிகம் போடும், ஆனாலும் இந்த வேலைக்குப் பொறுமையாக உட்கார்ந்து படித்துப் பார்க்கத் தகுந்த சத்தம்.

சோதிக்க நிஜமான பெரிய ஃபைல் வேண்டியதில்லை. ட்ரங்கேட் மைனஸ் எஸ் 5ஜி என்று ஒரு பெயரைக் கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் 5 ஜிபி ஃபைல் தயார், எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ்ஸில் அது டிஸ்கில் இடமே பிடிக்காது. அதன் வாலில் எக்கோ கொண்டு, இரண்டு அம்புக்குறி போட்டு, அடையாளமாக ஒரு சொல்லைச் சேருங்கள். ப்ரோகிராமை ஓட்டிவிட்டு அந்தச் சொல் மறுபக்கம் வந்து சேர்ந்ததா என்று டெய்ல் மைனஸ் சி கொண்டு பாருங்கள். இதையே வால் உட்பட மொத்தம் 2147483647, 2147483648, 4294967295, 4294967296 என்று துல்லியமாக வரும் ஃபைல்களுக்கும் செய்யுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பைட், அந்தப் பக்கம் ஒரு பைட் என்று ஐந்து ஃபைல்கள்தான், இதை ப்ரோகிராமின் வழக்கமான சோதனைகளோடு சேர்த்துவிட்டால் யாராவது மறுபடியும் ஒரு இன்ட்டைக் கொண்டுவந்து வைத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.